கடைசிப் பிரதி

பெரியவர் கையை முழங்கை வரை வாளிக்குள் விட்டு எதையோ பிசைந்துகொண்டிருந்தார். சாம்பல் நிறக் கூழ். ஊறிப் புளித்து, மேலே நுரை கட்டியிருந்தது.

"மாட்டுக்குத் தீனியா?" கிதார்க்காரர் மனைவியின் காதருகே கேட்டார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்ததில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

"மூணாவது மாடியில ஏதுங்க மாடு? சும்மா இருங்க."

அவர் கிதார், அவள் கிளாரினெட். இந்த இரண்டுக்கும் சேர்த்து இசை எழுதியவர்கள் குறைவு. கிடைத்ததையெல்லாம் அவர்கள் வாசித்துத் தீர்த்தாயிற்று. "அரைச்ச மாவையே அரைக்கிறதா இருந்தா இந்த வருஷக் கச்சேரிக்கு நீங்க வேண்டாம்" என்று அரங்கக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

யாரும் கேட்டிராத உருப்படி ஒன்று இருப்பதாகத் தெரிய வந்தது அப்போதுதான். எழுதியவர் பெயர்கூட இல்லையாம், அட்டையில் வெறும் இனிஷியல். நூலகம், பழைய புத்தகக் கடை, இறந்துபோன வித்வான்களின் வீடு என்று அலையாத இடமில்லை. எங்கே போனாலும் ஒரே பதில்: "ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே."

அந்த ஒருத்தரைத் தேடித்தான் இந்த அறைக்கு வந்திருந்தார்கள்.

"ஐயா, அந்த உருப்படி உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கு." பெரியவர் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, தலையணைக்கடியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். அட்டையில் கூழ் ஒட்டியது. அவள் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள்.

முதல் பக்கத்தை வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தாள். கிளாரினெட் படிப்படியாக இறங்க, கிதார் அடியிலிருந்து ஏறி வந்து அதைத் தாங்கிக்கொண்டது. அவளுக்கு நாற்றம் மறந்துபோயிற்று.

"நாலாவது வரியில ஒரு சுரம் தப்பா அச்சாயிருக்கு" என்றார் பெரியவர். "சரியா இருந்தா மட்டும் என்ன? ஒவ்வொரு வரியும் கைதட்டு வாங்கறதுக்குன்னே எழுதினது. இதெல்லாம் ஒரு உருப்படியாம்மா?"

"எங்களுக்குக் குடுங்கய்யா. நகல் எடுத்துட்டுத் திருப்பிக் கொண்டு வந்து தந்துடறோம்."

"வேண்டாம்மா. இதுதான் கடைசி."

வெடுக்கென்று பிடுங்கினார். அப்படியே வாளிக்குள் அமுக்கினார்.

அப்போதுதான் அவள் கூழை உற்றுப் பார்த்தாள். நைந்த துணுக்குகளில் சுரம் எழுதும் கோடுகள், ஐந்து ஐந்தாக. கட்டிலுக்கடியில் கிழித்துப் போட்ட அட்டைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் அதே அட்டை, அதே இனிஷியல்.

சேர்த்து வைக்க அல்ல, ஒழித்துக்கட்டத்தான் இந்த மனிதர் தேடித் தேடி வாங்கியிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு வாளிக்குள் கையை விட்டாள். வழவழவென்று சில்லிட்ட கூழ் சட்டைக் கைக்குள் ஏறியது. தாள்களைப் பிடித்து இழுத்து, சொட்டச் சொட்ட மார்போடு அணைத்துக்கொண்டாள். கணவர் ஜன்னலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தார்.

"சீ, நீங்கல்லாம் ஒரு மனுஷனா? அடுத்தவங்க உழைப்பு உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?" தாள்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இதை எழுதினவர் மட்டும் பார்த்திருந்தா, அந்த இடத்துலயே உயிரை விட்டிருப்பார்."

பெரியவர் அவள் மார்பில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்தார். செத்த எலியைப் பார்ப்பதுபோல முகம் சுளித்தார்.

"விடலையேம்மா. உன் எதிர்லதானே உக்காந்திருக்கேன்."