பின்னால் உறங்குகிறவன்

"அவன் பின்னால உறங்குதான் ஷிஜி. ராத்திரி முழுக்க அவன்தானே ஓட்டுனான்" என்றார் கோலப்பன், லாரியை வளைவில் திருப்பியபடி. போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் மாட்டியிருந்தார்.

"உறங்கட்டும் அண்ணே. இன்னைக்கு என்ன நல்ல காரியம் சொன்னாரு?"

இது அவள் புருஷன் ததேயுஸ் பழக்கிவிட்ட கேள்வி. லாரித் தொழிலில் எரிச்சல் இல்லாத நாள் கிடையாது. ஆனால் அவன் தினமும் மனைவியைக் கூப்பிட்டு அன்றைய நல்ல காரியம் ஒன்றைச் சொல்லுவான். டயர் வெடித்தால், வேப்பமரத்தடியில் வெடித்ததே என்பான். செக்போஸ்டில் நாலு மணி நேரம் நிறுத்திப்போட்டால், நடுமுதுகு நிமிர்த்த நேரம் கிடைத்ததே என்பான். கூட ஓட்டுகிற கோலப்பனுக்குச் சில நாள் அவனை அறைய வேண்டும் போலிருக்கும்.

"ஹூப்ளி பக்கத்துல டயர் வெடிச்சுது மக்கா. பஞ்சர்க் கடை வாசல்லயே வெடிச்சுதேன்னு சிரிக்கான்" என்று சொல்லி வைத்தார்.

டயர் வெடித்தது உண்மை. கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சிரிப்பதற்குத்தான் ஆள் இல்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்த படுக்கைப் பலகையில் ததேயுசின் போர்வையும் தலையணையும் மட்டும் கிடந்தன.

முந்தின நாள் காலையில், கோலாப்பூர் தாண்டி ஒரு தாபாவில், டீ கிளாசைப் பிடித்தபடியே அவன் சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். முதலாளி அனுப்பிய ஆள் சாயங்காலம் வந்து சேர்ந்தார். போஸ்ட்மார்ட்டம் முடிந்ததும் உடலை ஆம்புலன்சில் கொண்டுவருவதாகச் சொன்னார். மாற்று டிரைவர் வரும்வரை இருக்கச் சொல்லியும் கோலப்பன் கேட்கவில்லை. அன்று ராத்திரியே வெங்காய லோடோடு தனியாக ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஷிஜிக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, நான் போய்ச் சொல்கிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சியும் வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அன்று விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று ததேயுஸ் சொன்னபோது, கேஸாக இருக்கும், சோடா குடித்துவிட்டு ஓட்டு என்றவர் கோலப்பன். அதை ஷிஜியின் முகத்தைப் பார்த்து, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை.

ஷிஜி மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு நல்ல காரியத்தைக் கண்டுபிடித்தார். பெங்களூர் நெரிசலில் மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை. ஜன்னல் வழியாகவே கொய்யாப்பழம் வாங்கித் தின்றோம் என்றார். ஒசூரில் பேப்பர் சரியில்லை என்று ஓரங்கட்டினார்கள். அதிகாரி நம்ம ஊர்க்காரர் என்றார். ஒருதடவைகூட அவள் புருஷனை எழுப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டார், அப்படி மூச்சுவிட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆள் மாறும் நேரம் வந்தால், ஓட்டுகிறவன் கையைப் பின்னால் நீட்டிப் பலகையை மூன்று தடவை தட்டுவது அவர்கள் வழக்கம். கிருஷ்ணகிரி தாண்டியதும் கோலப்பனின் கை தன்னால் நீண்டு தட்டிவிட்டது. யாரோ புரண்டு படுத்தது போலப் பலகை முனகியது. திரும்பிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை திண்டுக்கல் தாண்டி, நேரான ரோட்டில் இமைகள் ஒட்டிக்கொண்டன. பின்னாலிருந்து பலகையை யாரோ தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தபோது டேங்கர் லாரி ஒன்றின் பின்பக்கம் மூக்குக்கு நேராக நின்றது. பிரேக்கை மிதித்து வண்டி குலுங்கி நின்றபிறகுதான் போன் அடித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"ஏன்ணே எடுக்க இவ்வளவு நேரம்?"

நடுக்கத்தில் அவருக்குப் பொய் வரவில்லை. "ததேயுஸ் தட்டுனான் மக்கா. பின்னால இருந்து தட்டுனான்" என்றார்.

"அது நல்ல காரியம்தான் அண்ணே" என்றாள் ஷிஜி.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மணக்குடிக் கடற்கரை ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்தார். ஷிஜி வீட்டு முன்னால் தார்ப்பாய்ப் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் முந்திவிட்டதோ என்று பதறிக் கேட்டார்.

அது இன்னும் திருநெல்வேலியே தாண்டவில்லை என்றார் ததேயுசின் அண்ணன் சகாயம். மகாராஷ்டிரா போலீஸ் தகவல் கொடுத்து, முந்தாநாள் சாயங்காலமே இங்கே ஸ்டேஷனிலிருந்து வந்து சொல்லிவிட்டார்களாம்.

முந்தாநாள் சாயங்காலம். அப்போது அவர் கோலாப்பூரை விட்டே கிளம்பியிருக்கவில்லை.

ஷிஜி வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. போனை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

கோலப்பன் அவள் முன்னால் கைகூப்பினார். "நெஞ்சு அடைக்குன்னு சொன்னவன, சோடா குடிச்சிட்டு ஓட்டச் சொன்னது நான்தான் மக்கா" என்றார். அழுகையை அடக்க முடியவில்லை. "எல்லாம் தெரிஞ்சும், ஒண்ணும் தெரியாத மாதிரி ஏன் மக்கா மணிக்கொரு தரம் எனக்குப் போன் போட்ட?"

"ஒத்தைக்கு ஓட்டிட்டு வாற நீங்க உறங்கிரக் கூடாதுல்லா அண்ணே."