பாலத்தில் இன்னும் பனி

சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு உலகம் முடிவடைகிறது. ஏழு நிலவுகளும் ஒருசேர அணையும். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.

அறிவித்தது ஒரு விளையாட்டுக் கம்பெனி. முடியப்போவது ஏழு நிலா நாடு.

காகிதத்தில் மட்டும் இருக்கிற நாடு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, அதற்குள் போய்விட்டு வருவோம். முப்பது வருடமாகக் கம்பெனி அந்த நாட்டைப் பற்றிப் புத்தகம் போட்டது. இனி போடாதாம். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எல்லா ஊர் மேஜைகளிலும் ஒரே நேரத்தில் வாசித்து, ஆட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டுமாம்.

ரசிகர்கள் கொந்தளித்தார்கள். ஒருவர் இணையத்தில் தன் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக் கட்டம் வைத்தார். இன்னொருவர் நாற்பது பக்கக் கண்டனக் கடிதம் எழுதி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் தன் வாளின் பெயரைப் போட்டார்.

எங்கள் மேஜை இருப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வருவதில்லை. கதை சொல்பவர் பல் டாக்டர். தூரத்துக் கோட்டைக்கு ஒரு பிளாஸ்டர் தாடை. பாலத்துக்கு மர ஸ்கேல். நாங்கள் நான்கு சட்டைப் பொத்தான்கள்.

பதினெட்டு வருடமாக ஆடுகிறோம். எத்தனையோ காலமாக அந்த ஸ்கேலின் மேலேயே நிற்கிறோம். பாலத்தில் பனி. டாக்டர் கதையை அப்படி இழுப்பார். பல்லையும் இப்படித்தான் பிடுங்குவாரோ என்று பயந்து, பல் வலித்தால் நான் வேறு டாக்டரிடம் போகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் நாடிழந்த பேரரசர். அந்த ஞாயிறு கறுப்புச் சட்டையில் வந்திருந்தார். கையில் பதினான்கு பக்க இரங்கல் உரை. எல்லோரையும் எழுப்பி நிறுத்தி இரண்டு நிமிட மௌனம் கேட்டார். நாற்பதாவது நொடியில் அவர் போன்தான் அடித்தது. பேரரசர் போகும்போது பால் வாங்கிவர ஒப்புக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் மற்ற இரண்டு பொத்தான்களின் மேல் இருந்தது.

ஒன்று வைத்தியச்சி, என் மனைவி. இன்னொன்று படைத்தலைவர், அவள் அண்ணன், லிப்ட் மெக்கானிக். அப்பா போன பிறகு அவருடைய பீரோ யாருக்கு என்பதில் இருவரும் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்தும்போது இவள் காத்திருப்பு அறை மீன் தொட்டியைப் பார்ப்பாள். தொட்டியில் மீன் செத்தே நாலு வருடம்.

ஆனால் மேஜையில் பேசினால் அது பேசியதாகாது. யாரும் எழுதி வைக்காத விதி.

டாக்டர் புத்தகத்தைப் பிரித்தார். நான்காக ஐந்து நிமிடம். மங்கல் கண்ணாடி வழியே வந்த வெயில் மேஜையெங்கும் பாலாகப் பரவியது. ஸ்கேலின் இரண்டு முனையும் அதில் கரைந்துபோயின. கிராம்பு எண்ணெய் வாசனை. கீழே எங்கோ நதி ஓடியது. வாய் கொப்பளிக்கும் தொட்டியின் குழாயாக இருக்கலாம். இருக்கட்டும். என் கால்விரல்கள் ஜில்லிட்டன.

"தலைவரே, தோளைப் பிடிச்சுக்கோங்க," என்றாள் வைத்தியச்சி. "இடது பக்கப் பலகை ஆடுது. கஷாயம் குடிக்கிறீங்களா, இல்ல அலமாரில தூங்குதா?"

"ரெண்டு வேளையும் குடிக்கிறேன். இனிப்பையும் விட்டாச்சு."

"பொய். உங்க வீட்டம்மா ஒற்றன் அனுப்பியிருந்தாங்க."

ஏழு நிலா நாட்டில் சர்க்கரை வியாதி கிடையாது.

நான்கு மணிக்குப் பிறகு இதைக் கேட்க அவளுக்கு வேறு இடமும் கிடையாது.

டாக்டர் வாசித்தார். "தொள்ளாயிரமாம் ஆண்டு, மழைக்காலத்தின் கடைசி நாள், ஏழு நிலவுகளும்..." பேரரசர் விசும்பினார். வைத்தியச்சியின் விரல் தன் பொத்தானை இன்னொரு பொத்தானோடு ஒட்டி நகர்த்தியது.

"இருங்க டாக்டர்," என்றேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். இந்த மேஜையில் என் வேலை, அந்த நாட்டில் இன்று என்ன தேதி என்று நோட்டில் குறித்து வைப்பது. பதினெட்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

புரட்டினேன். நாங்கள் புறப்பட்டது நானூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு. அங்கே இதுவரை போனது நாற்பத்து மூன்று நாள்.

புரட்டும்போது ஒரு வரி தட்டுப்பட்டது. 'பாலத்தில் பனி இறங்கியது.' பக்கத்தில் நாங்கள் ஆடிய ஞாயிற்றுக்கிழமையின் தேதி. பீரோவை வண்டியில் ஏற்றிய மறுநாள். என் கையெழுத்துதான். அன்று இறங்கிய பனியை டாக்டர் இன்னும் விலக்காதது, ஆறு வருடமாகப் பிழை திருத்துபவன் கண்ணில் படவில்லை.

நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தேன். அவர் பிளாஸ்டர் தாடையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"நம்ம நோட்டுப்படி நிலவு அணைய இன்னும் நானூத்தி எண்பத்தெட்டு வருஷம் இருக்கு," என்றேன். "அங்க இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை நேரம்."

டாக்டர் புத்தகத்தை மூடி, நோயாளிகளுக்கான பழைய வாரப் பத்திரிகைகளின் அடியில் செருகினார்.

"பனி இன்னும் விலகல," என்றார்.

பேரரசர் பதினான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தார். அத்தனை வருடம் கழித்து இதை வாசிக்கத் தனக்குக் குரல் இருக்குமா என்பது அவர் கவலை.

"ஒரு அடி வைங்க, தலைவரே," என்றாள் வைத்தியச்சி. "ஒண்ணே ஒண்ணு போதும்."

பீரோ எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கதவு மூடாது.