சோதிக்க வேண்டாம்

"இண்டைக்கு அவளின்ரை வண்டவாளத்தை வெளியிலை விடுறன், இருந்து பாருங்கோ!"

மடியில் லப்டொப்பும் தோளில் கைக்குழந்தையுமாக நிரோஜா பொரிந்து தள்ளினாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கணவன் ரூபன் நிமிர்ந்தான். "ஆற்றை?"

"வேற ஆற்றை? புதுக்குடியிருப்பு மகாராணி பிரியந்தினியின்ரைதான்!"

நெளுக்குளத்தில் இருந்துகொண்டே நிரோஜா ஒரு பஸ் கேமுக்கு மோட் செய்திருந்தாள். கேமுக்குள் நாங்களாகச் செய்து சேர்க்கிற துண்டுக்கு அப்படித்தான் பெயர். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை ரோட்டு, பஸ் நிற்கிற ஹோல்ட், பஸ் எல்லாம் அவள் கைவேலை. எட்டாம் வகுப்போடு நின்றவள், யூடியூப் பார்த்துப் பார்த்துப் பழகிச் செய்தது. அறுநூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். ஊரெல்லாம் பெருமையாய்ப் புழுகிக்கொண்டு திரிந்தாள்.

அதே கேமுக்குப் பிரியந்தினி மழை பெய்கிற மோட் ஒன்று செய்தாள். ஆறாயிரம் பேர்!

அன்றிலிருந்து நிரோஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவள் கம்பசிலை படிச்ச பிள்ளை. விடன்" என்றான் ரூபன்.

"படிச்சால்? என்ன அநியாயமும் செய்யலாமோ? அவளின்ரை மழை மோடைக் கழட்டினால் என்ரை பஸ் தண்ணீரூற்று ஹோல்டிலை இறுகி நிக்குதாம். கேம் குறூப்பிலை எல்லாரும் சொல்லுகினம். தன்ரையையும் சேர்த்துப் போட்டால்தான் என்ரை ஓடும் எண்டு ஏதோ செய்து வைச்சிருக்கிறாள்!"

எழுதின கொம்பியூட்டர் கோடில் எங்கே பிழை என்று தேடிச் சொல்லுகிற டூல் ஒன்று இருக்கிறது. பிரியந்தினியின் மோடை அதற்குள் போட்டுவிட்டுத்தான் காத்திருந்தாள்.

"முதல்லை உன்ரையைப் போட்டுப் பாத்தனியோ?"

"என்ரையிலை என்ன பிழை?" வெடுக்கென்று கேட்டாள். ரூபன் மறுபடி சோற்றைப் பிசைந்தான்.

டூல் தேடி முடித்தது. பிழை: பூச்சியம்.

நிரோஜாவின் முகம் கறுத்துப்போனது. ஒரு சின்னப் பிழைகூட விடமாட்டாளோ?

அடியில் இன்னொரு வரி இருந்தது. சோதிக்க வேண்டாம் என்று எழுதினவரே மறித்த இடம்: ஒன்று.

"பாத்தீங்களோ! கள்ளம் இல்லாட்டி ஏன் மறிக்கிறாள்? இஞ்சை, அந்த இடத்திலை என்ரை மோடின்ரை பேர் கிடக்குது!"

சட்டென்று போனில் படம் எடுத்தாள். 'ஆதாரம் பிடிச்சிட்டன். இந்தக் கள்ளியைக் குறூப்பாலை வெளியிலை கலையுங்கோ' என்று எழுதினாள். இனி அனுப்புவதுதான் மிச்சம்.

"பொறு, பொறு. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாத்திட்டு அனுப்பு."

ரூபன் கையைக் கழுவிவிட்டு வந்து அந்த இடத்தைத் திறந்தான்.

மறிப்பை எடுத்ததும் டூல் சொன்னது: 'இந்த முப்பது வரியும் இந்த மோடுக்குத் தேவையில்லாதவை. அழிக்கலாம்.'

அந்த முப்பது வரியையும் இரண்டு பேரும் மெல்ல மெல்ல வாசித்தார்கள். தண்ணீரூற்றில் நிரோஜாவின் பஸ் இறுகி நின்றால், திறந்த கதவைச் சாத்தி, பஸ்ஸை எடுத்துவிடு. அவ்வளவுதான்.

"கதவு சாத்துறதை நீ எழுத மறந்துபோனாய் போல..."

பிள்ளை போனைப் பிடுங்க வந்தது. நிரோஜா கையை விலக்கிக்கொண்டாள்.

டூலை ஏன் மறித்தேன் என்று முப்பது வரிக்கும் மேலே பிரியந்தினி ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். ரூபன் அதை வாசித்தான்.

"சோதிக்க வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். நடுவழியிலை பஸ் நிண்டால் சனம் நிரோஜா அக்காவைப் பாத்துச் சிரிக்கும்."