பிடுங்கிய போன்

இரண்டு பேப்பரில் அரியர் என்று தெரிந்ததும் வேதாந்தம் மகளின் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"காலேஜ் போற பொண்ணு எப்பப் பாரு இதை நோண்டிண்டிருந்தா எப்படிடி பாஸ் பண்ணுவே?"

ஸ்நேஹா அறைக்குள் போனாள்.

வாசலில் சிலிண்டர்காரர். "ஓடிபி இன்னா சார்?"

மகளின் போனில்தான் வந்திருந்தது. தேடிச் சொன்னார்.

"கரண்ட் பில்லுக்கு இன்னிக்குக் கடைசி நாள். அவதான் போன்ல கட்டுவா" என்றாள் மனைவி.

கட்டி முடிப்பதற்குள் பெசன்ட் நகர் அத்தை கூப்பிட்டாள். "ஸ்நேஹா, கோயிலுக்குப் போகணும். ஒரு ஆட்டோ புக் பண்ணேன்."

மாலைக்குள் வேதாந்தம் ஓய்ந்துபோனார். மகளிடம் போனை நீட்டினார். "நீயே வச்சுக்கோம்மா."

ஸ்நேஹா புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்பா. இன்னிக்குத்தான் ஒரு பாடமாவது முழுசாப் படிக்க முடிஞ்சுது."