நம்ம நாட்டு ஃபேன்

“கம்பெனி சம்பளத்துல சாப்பிட்டுட்டு, வெளிநாட்டு ஃபேனையாய்யா வாங்கிட்டுப் போறே?”

ஃபோர்மேன் போட்ட கத்தலில் மிஷின் சத்தமே அமுங்கிப்போனது.

அந்த மின்விசிறித் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக இறக்கை மாட்டும் ஃபிட்டர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நேற்றுச் சாயங்காலம் கடைவாசலில், அட்டைப்பெட்டியும் கையுமாக ஃபோர்மேனிடம் மாட்டியிருந்தார்.

போன மாதம்தான் வெளிநாட்டு ஃபேனுக்கு வரி போட்டார்கள். முதலாளி கேக் வெட்டினார். “இனி வீட்டுக்கு வீடு நம்ம நாட்டு ஃபேன்தான் சுத்தும்!” என்று கண்கலங்கினார். ஃபிட்டரும் கை சிவக்கத் தட்டினார்.

கைக்குழந்தையோடு மகள் வந்திருக்கிறாளே என்று ஃபேன் வாங்கப் போனால், ஆயிரத்து ஐந்நூறாக இருந்த கம்பெனி ஃபேன் இரண்டாயிரத்து நூறு! அவர் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே குந்தியிருந்தது.

“வரி வெளிநாட்டுச் சரக்குக்குத்தானே? நம்மளது ஏன் ஏறுச்சு?”

“போட்டிக்கு ஆளில்ல. குறைச்சு விக்கணும்னு உங்க முதலாளிக்கு என்ன தலையெழுத்தா?” கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “வரிக்கு முந்தி வந்த வெளிநாட்டு ஃபேன் குடோன்ல கிடக்கு. வெளியில வச்சா உங்க ஆளு எனக்குச் சரக்கு அனுப்பமாட்டார். ஆயிரத்து இருநூறு. சத்தமில்லாம எடுத்துட்டுப் போங்க.”

அப்படித்தான் எடுத்துவந்தார். அப்படித்தான் ஃபோர்மேன் கண்ணில் பட்டார்.

“முதலாளி கூப்பிடுறார். போய் அனுபவி!”

ஃபிட்டர் முதலாளி அறைக்கு நடந்தார். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. “வெளிநாட்டு ஃபேன் ஒவ்வொண்ணும் நம்ம தொழிலாளி வயித்துல அடிக்குதுன்னு தெரியுமா, தெரியாதா?”

“தப்புதான் சார். குழந்தை புழுக்கத்துல தூங்காம அழுதுச்சு...”

“என்ன விலைக்குக் கொடுத்தான்?”

“ஆயிரத்து இருநூறு, சார்.”

முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஃபிட்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இன்னும் எத்தனை வச்சிருக்கான்?”

“கு... குடோன் நிறைய, சார்.”

“மொத்தத்தையும் நமக்கே தரச் சொல்லு. நம்ம ஸ்டிக்கரை ஒட்டி ரெண்டாயிரத்து நூறுக்கு வித்துடலாம்” என்றவர், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

“ஃபோர்மேன் காதுக்கு மட்டும் போகவேண்டாம். பாவம், நான் பேசினதையெல்லாம் அந்த ஆளு நிஜம்னு நம்பிட்டிருக்கான்!”