உப்புத்தாள் தேய்த்த பந்து

"யாரைக் கேட்டுய்யா இந்தப் பந்துல உப்புத்தாள் போட்டே?"

பவுலிங் கூடத்தின் பின்னறையில் அவள் போட்ட கூச்சலில், பந்து செப்பனிடுகிறவர் கையிலிருந்த தேநீர் தளும்பியது. பந்தை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், பால் குடித்து மாட்டிக்கொண்ட பூனைபோல அவள் கணவன்.

"உனக்காகத்தான் செஞ்சேன்..." என்றான் அவன்.

"எனக்காகவா? நான் கேட்டேனா? உன் நகக்கண்ணுல இருந்த தூளைப் பார்த்தப்பவே வயிறு பத்திக்கிச்சு. நாள் பூரா இரும்பைத் தேய்ச்சது பத்தலையா அந்தக் கைக்கு?"

பந்தை மேஜைமேல் வைத்தாள். மின்ன வேண்டிய பந்து, கொத்திவிட்ட அம்மியாக வெளுத்துச் சொரசொரத்துக் கிடந்தது.

செப்பனிடுகிறவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "ஏன்யா, இது பந்தா, கத்தி தீட்டுற கல்லா? காலையிலேர்ந்து ஆடி ஆடி லேன் பலகையில பூசின எண்ணெயெல்லாம் போய்க் காய்ஞ்சு கிடக்கு. அதுல இதை உருட்டினா பாதி வழியிலேயே பலகையைக் கவ்விப் பிடிச்சுத் திரும்பிடும். கடைசியில நிக்கிற கட்டைங்க பக்கமே போகாது. ஓரப் பள்ளத்துல போய்ப் படுத்துக்கும்."

"அதைத்தான் அண்ணே நானும் கத்துறேன்! காய்ஞ்ச லேனுக்கு வழுவழுன்னு இருந்தாத்தானே வழுக்கிக்கிட்டுப் போய்க் கடைசியில திரும்பும்? பாலிஷ் போட்டுக் குடுங்க, சீக்கிரம். மணி அடிச்சிட்டா அப்புறம் பந்துல கை வைக்க விடமாட்டாங்க."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்பட ஆலை வருடந்தோறும் நடத்தும் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம் அது. கோப்பையை யாரும் மதிப்பதில்லை. ஜெயிக்கிற பெண் தனக்கு வேண்டிய ஷிப்டை எடுத்துக்கொள்ளலாம், அதுதான் பரிசு. சரக்கேற்றும் பகுதியில் பகலுக்கு ஒரே ஓர் இடம்தான் காலி. இவள் கல்யாணமானதிலிருந்து இரவு ஷிப்டு, அவனுக்குப் பகல். வாசற்படியில் நின்று சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் அவர்கள் குடித்தனம். மகள் அம்மாவைத் தூங்குகிற முகமாகவே பார்த்து வளர்ந்தாள்.

செப்பனிடுகிறவர் பந்தைச் சுழலும் கிண்ணத்தில் வைத்தார். தண்ணீர் தெளித்து மிருதுவான தாளால் கீறலை எடுக்க ஆரம்பித்தார்.

"எதிர்ல யாரு? அந்தச் சிட்டுதானே? அவளும் ராத்திரிக்காரிதான். கைக்குழந்தை வேற. உயிரைக் குடுத்து ஆடுவா."

"ஆடட்டும்."

"பந்து ரொம்ப லேசா இருக்கே, தங்கச்சி. இரும்புப் பெட்டி தூக்குற கைக்கு இது இலவம்பஞ்சுல்ல?"

"எடையா போடச் சொன்னேன்? பாலிஷ் போடுங்கண்ணே!"

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. கணவன் பக்கம் திரும்பினார்.

"பொண்டாட்டி பகலுக்கு வந்துட்டா உன் சீட்டாட்டம் கெட்டுப்போகும்னு பயமாய்யா?"

"ஐயோ, அப்படியில்லண்ணே. இவ பகலுக்கு வரணும்னுதான்..."

"பகலுக்கு வரணும்னு பந்தைக் கெடுப்பாராம்! வீட்டுல வெளிச்சம் பத்தலைன்னு கூரையைக் கொளுத்தினவன் கதையால்ல இருக்கு!"

அவன் வாய் திறந்தான். அவள் முறைத்தாள். மூடிக்கொண்டான்.

"எனக்கு ஆடத் தெரியாதா?" என்றாள் அவனிடம், குரலைத் தாழ்த்தி. அதுதான் கத்தலைவிடச் சுட்டது. "இத்தனை வருஷமா பெட்டி தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போன கை இது. இதை நம்பாம உப்புத்தாளை நம்பினியே, அதுதான்யா ஆறல."

கீறல் போய்விட்டது. செப்பனிடுகிறவர் பாலிஷை ஊற்றித் துணியை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக் கணவன் கையில் திணித்தாள்.

"கெடுத்த கையே துடைக்கட்டும். உன் மூஞ்சி தெரியற வரைக்கும் துடை."

கிண்ணம் சுழன்றது. அவன் குனிந்து துடைத்தான். வெளுப்பு மறைந்து கருநீலம் எழும்பி வந்தது. கூரையின் குழல்விளக்கு பந்துக்குள் வளைந்து தெரிந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

"பார்க்க நல்லா இருக்கா?"

அவன் துணியை மடித்து மேஜையில் வைத்தான்.

வெளியே முதல் மணி அடித்தது. அவள் பந்தை முந்தானையால் ஒருதரம் துடைத்து, துளைகளில் விரல் விடாமல் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி நடந்தாள். கணவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.

ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் சிட்டு குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா, என்..."

"இந்தாடி உன் பந்து. இனிமே கண்ட இடத்துல வெச்சுட்டுப் போகாதே" என்று அதை அவள் மடியில் வைத்தாள். பிறகு தாங்கியில் காத்திருந்த தன் கனத்த பந்தின் துளைகளுக்குள் விரல்களை நுழைத்துக்கொண்டு, "இப்ப வா, உன்னை ஜெயிக்கிறேன்" என்றாள்.