கண்ணாடி மழை

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வெட்டவெளியில் பந்தி போடலாமா, மழை வருமா என்று மாமா வைரவன் கேட்டபோது, மங்கையர்க்கரசி தெரியாது என்றுதான் சொன்னாள். அவள் ஆராய்வது வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தின் வானிலையை. மாமா விடவில்லை. "அவ்வளவு தூரத்துல பேயுறது தெரியுது, நம்ம ஊர்ல பேயுறது தெரியாதாக்கும்?" அவர் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், "வராது மாமா" என்று சொல்லித் தொலைத்தாள்.

முதல் பந்தியில் சாம்பார் ஊற்றும்போதே வானம் பொத்துக்கொண்டது. இலைகளில் குளம் கட்டியது. மாப்பிள்ளையின் அப்பா நமத்துப்போன அப்பளத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று, "வேனை எடுக்கச் சொல்லு" என்றார். தங்கை அக்காவைப் பார்த்த பார்வையில் மழையே காய்ந்துவிட்டிருக்கும்.

நனைந்த வேட்டியோடு வந்த மாமா, மங்கையை இழுத்துப்போய் சம்பந்தியின் முன் நிறுத்தினார். "சொல்லும்மா, உன் கிரகத்துல இப்ப என்ன பேயுது?"

"கண்ணாடி, மாமா."

"கண்ணாடியா?" என்றார் சம்பந்தி.

"ஆமா. அதுவும் மேலேருந்து விழாது. துப்பாக்கிக் குண்டைவிட வேகமாப் பக்கவாட்டுல அடிக்கும்."

"அப்ப குடை?"

"பிரயோஜனமில்லைங்க."

சம்பந்தி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் நிதானமாக, நேராகச் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

"நம்மூர் மழை மரியாதையாத்தான் பேயுது" என்றார். "ரசத்தை மட்டும் கொஞ்சம் கெட்டியா ஊத்தச் சொல்லுங்க."